காரை, குரல், திரை: சில மறுப்புகள்

நாலு அடுக்குச் செங்கல், ஒரு மூட்டை சிமெண்டு, ஒரு வீடியோத் திரை, மைக்கின் முன் ஒரு மனிதக் குரல். இவ்வளவையும் ஓரிடத்தில் கூட்டி வைத்துக்கொண்டு ஒருவர் முக்கால் மணி நேரம் எதையோ நிகழ்த்துகிறார் என்றால், தமிழில் அதைப்பற்றி இரண்டே விதமான பேச்சுத்தான் கிளம்புகிறது. 'இதெல்லாம் கலையா?' என்பது ஒன்று. 'இது நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதானே' என்பது மற்றொன்று. முதல் பேச்சோடு மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை. பாரதியின் வசன கவிதை தொடங்கி எதைப் பார்த்தும் அதைத்தான் கேட்டுவந்திருக்கிறார்கள், இனியும் கேட்பார்கள். இரண்டாவது பேச்சு படித்தவர்களுடையது, பரிவோடு பேசப்படுவது, ஆதரவு போலத் தோற்றம் தருவது. ஆகவே அதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டாவது பேச்சின் தர்க்கம் மிகவும் எளிமையானது. நிகழ்த்துபவர் மண்ணைக் குழைத்தால் படுகளம் என்கிறார்கள். ஏணியில் ஏறினால் அர்ச்சுனன் தபசு. படிக்கட்டில் நின்று ராகம் போட்டு இழுத்தால் படித் திருவிழா. ஆக, பழையதில் ஒன்றைச் சுட்டிக் காட்டிப் புதியதற்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்தாயிற்று. நிகழ்த்தியவருக்கும் சந்தோஷம், விமர்சகருக்கும் தன் பாரம்பரியப் பிரக்ஞையைக் காட்டிக்கொண்ட திருப்தி. இதில் அடிபட்டுப் போவது இரண்டு: அந்தப் புதிய நிகழ்வு, அதன் பாட்டன் என்று சொல்லப்பட்ட பழைய நிகழ்வு.

திருத்தணியில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. இந்தச் சான்றிதழுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. மலைக்கு வருஷத்தின் நாட்கள் கணக்கில் 365 படிகள். டிசம்பர் 31 ராத்திரி பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொரு படியிலும் நின்று பூஜை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகின்றன. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1910-களின் கடைசியில் ஆரம்பித்து வைத்தது. புது வருஷத்தன்று வெள்ளைக்கார துரைகளின் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு போய் நிற்கிற கூட்டத்தைத் தணிகைநாதனிடம் திருப்பிவிடச் செய்த ஏற்பாடு என்று சொல்லுவார்கள். நூறு வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு எதிர்ப்பு நடவடிக்கையை இன்றைக்கு 'தொன்று தொட்டு' என்று எழுதிவிடுகிறார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் வாயில் கற்கண்டு விழுந்து முதல் கீர்த்தனை பிறந்ததாகச் சொல்லப்படும் மலையும் இதுதான். கல்லும் குரலும் சேர்ந்த கதைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

மலையை விட்டு இறங்கினால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோவில்கள். அக்கினி வசந்த விழா என்று பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அர்ச்சுனன் தபசன்று கோவில் திடலில் நட்ட உயரமான மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுகிறார், ஒவ்வொரு படிக்கும் பாட்டு உண்டு. உச்சியிலிருந்து அவர் எறிகிற எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் கீழே ஈரத் துணியோடு மடியேந்தி நிற்கிறார்கள். கடைசி நாள் படுகளம். மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் செய்கிறார்கள். பத்து இருபதடிச் சாமானியம் அல்ல, ஒரு வீட்டு மனை அளவுக்கு நீண்டு கிடக்கும் உருவம். தொடையைப் பிளந்து, சிவப்பு நீரில் கூந்தலை நனைத்து முடித்தாகிறது. பிறகு ஜனங்கள் அந்த உருவத்தின் மண்ணைப் பிய்த்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு 'ஆகா, கட்டுமானப் பொருளும் குரலும் உடலும் சேர்ந்த நிகழ்த்துக் கலை' என்று ஒருவர் குதூகலிப்பாரானால் அவர் எதையும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்த மண் அங்கே 'பொருள்' ஆக இல்லை. ஊரார் வரி போட்டு, காப்புக் கட்டி, பத்திய விரதம் காத்து, பங்காளிச் சண்டை போட்டு, யார் தெருவழியாக அம்மன் வருவது என்பதில் தாசில்தார் வரைக்கும் போய்வந்து, அப்புறம் குழைத்த மண் அது. மறுநாள் அது குதிருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போகிற மண். அதைத் தோளில் தட்டி 'நீயும் எங்கள் இனம்தான்' என்று நவீனக் கலைஞன் சொல்வதில் பணிவு எதுவும் இல்லை. நேற்றுவரை 'கூத்தாடி' என்ற சொல்லை வசவாக வைத்திருந்த அதே படித்த வர்க்கம் இன்று அதை வம்சாவளியாக்கிக் கொள்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 'நம்மிடம் இருந்தது' என்னும்போது இந்த 'நாம்' யார்? 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போன ஊர் திருத்தணி. ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பதாஸ்கர் சமரசம் எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. கோடு போட்டாகிவிட்டது. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகரியிலும் புத்தூரிலும் அதே திரௌபதிக்கு அதே படுகளம் நடக்கிறது, தெலுங்கில். இங்கே கட்டடம் கட்டுகிற கொத்தனாரும் சித்தாளும் ஒரு வாக்கியத்தின் பாதியைத் தமிழிலும் பாதியைத் தெலுங்கிலும் சொல்லி முடிக்கிறார்கள். சான்றிதழில் போடுகிற 'தமிழ் மரபு' என்ற முத்திரை இந்தத் திடலிலேயே அழிந்து போகிறது.

ந. முத்துசாமியை உடனே என் முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று தெரியும். அவர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போனது சான்றிதழுக்காக அல்ல. தான் எழுதுகிற நாடகத்தைத் தூக்கிச் சுமக்க நடிகனுக்கு உடம்பு இல்லை என்ற நெருக்கடியில் போனார். 1977-இல் கூத்துப்பட்டறை அந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது. அவருடைய கேள்விக்குப் பிறகு வந்தவர்கள் கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பட்டறை முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவர் காலிலும் ஒரு அடவு, இடுப்பில் ஒரு கிறுகி. அதற்கு மேல் என்ன?

பாட்டன் தேடித்தான் தீருவேன் என்கிறவர்களுக்கு நான் வேறொரு இடத்தைக் காட்டுகிறேன். அது கோவில் அல்ல, மொட்டை மாடி. பழைய சென்னை வீடுகளிலும் இந்தப் பக்கத்து ரயில்வே, கச்சேரிக் கட்டடங்களிலும் இருக்கிற மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போட்டார்கள்? தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைச் சில அங்குலம் கொட்டுவார்கள். பிறகு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அதை அடிப்பார்கள், நாள் கணக்கில். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். அடிக்குத் தக்கபடி பாட்டு. எப்போது நிறுத்துவது? காரையில் கட்டை பதியாமல் துள்ளித் திரும்ப வேண்டும், சத்தம் மாற வேண்டும். அதுதான் கணக்கு. மேஸ்திரி காதால் கேட்டுத்தான் 'போதும்' என்பார்.

இங்கே குரல் பொருளுக்குப் பின்னணி வாசிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாக, மிக மெதுவாக இறுகுகிறது. அந்த மெதுவுக்கு ஒரு கால அளவு தேவைப்பட்டது. பாட்டு அந்தக் கால அளவு. இருபது கட்டைகள் ஒன்றாக விழ வேண்டும், ஒரு இடத்தில் கூடி ஒரு இடத்தில் குறைந்தால் மழைக்காலத்தில் மச்சு ஒழுகும். ஆக, தாளம் பிசகினால் ஒழுக்கு. கலைக்கும் பௌதிகத்துக்கும் இடையில் இதைவிட நேரான உறவை நான் அறிந்ததில்லை. கூலி அற்பம், இடுப்பு ஒடியும், மேஸ்திரியின் வாய் கூசும்படி இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இது ஏக்கக் கட்டுரை அல்ல.

பிறகு சிமெண்டு வந்தது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டு தண்ணீர் பட்டால் 30 நிமிஷத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிந்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டு விதி. இந்த இரண்டு எண்களுக்கு இடையில் நிகழ்ந்ததுதான் நம் வாய்ப்பாட்டு மரபு ஒன்றின் மரணம். கான்கிரீட் போடுகிற நாளில் பாட முடியாது. மிக்ஸர் மெஷினின் இரைச்சல், சட்டி கைமாறுகிற வேகம், 'ஏய் வா வா வா' என்ற கூச்சல். பாட்டை ஒழித்தது மேனாட்டு நாகரிகம் என்றும் சினிமா என்றும் நம் நாட்டார் இயல் அன்பர்கள் கண்ணீர் விடுகிறார்கள். சினிமாவுக்கு அந்தப் பெருமை வேண்டாம். அது ரசாயனமும் கூலிக் கணக்கும் செய்த காரியம்.

இனி சிமெண்டையும் குரலையும் வைத்து நிகழ்த்துகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: உன் கையிலிருக்கும் பொருளின் காலம் என்ன என்று உனக்குத் தெரியுமா? அந்தக் காலத்துக்குள் உன் குரல் என்ன செய்கிறது? இதற்குப் பதில் உள்ளவர்கள் உலகத்தில் சிலர் உண்டு.

பெர்லினில் 1980 ஏப்ரலில் ஒரு கோஷ்டி தொடங்கியது. ஐன்ஸ்ட்யூர்ட்செண்டே நொய்பவுட்டென் என்று பெயர், 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்' என்று பொருள். யுத்தத்துக்குப் பிறகு அவசர அவசரமாக எழுப்பிய கட்டடங்களுக்கு நொய்பவுட்டென் என்பார்கள். பெயர் வைத்து இரண்டு மாதம் ஆகுமுன் மே 21 அன்று மேற்கு பெர்லினின் பெருமையாயிருந்த காங்கிரஸ் மண்டபத்தின் கூரையில் ஒரு பகுதி நிஜமாகவே இடிந்து விழுந்தது. இந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் 1984 ஜனவரி 3 அன்று லண்டனில் சமகாலக் கலை நிலையத்தின் மேடையில் 'குரலுக்கும் இயந்திரத்துக்குமான கச்சேரி' என்று ஒன்றை நடத்தினார்கள். கான்கிரீட் மிக்ஸர், துளை போடும் யந்திரங்கள், ரம்பங்கள், நடுவே மனிதக் குரல். மேடையையே துளைக்கத் தொடங்கினார்கள். நிர்வாகம் பாதியில் நிறுத்தியது. சபையோர் சும்மா இருக்கவில்லை, தள்ளுமுள்ளு.

வெறும் கலகம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். தங்களைத் தாங்கி நிற்கிற தளத்தையே அவர்கள் வாத்தியமாக்கினார்கள். இன்னும் கொஞ்சம் துளைத்தால் நிகழ்ச்சியே கீழே போய்விடும். இங்கே குரல் யந்திரத்தை வெல்ல முயன்று தோற்றுக்கொண்டே இருந்தது, அந்தத் தோல்வி கேட்டது. 2007-இல் ஜோ மிட்செல் என்ற கலைஞர் சாட்சிகளின் நினைவுகளையும் பதிவுகளையும் வைத்து அதே அரங்கத்தில் அந்த நிகழ்ச்சியைத் திரும்ப நடத்திக் காட்டினார். ஒத்திகை பார்த்த கலகம். யோசித்துப் பார்த்தால் கூர்மையான காரியம்தான், ஆவணம் என்பது நிகழ்வை எப்படித் தின்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. ஆனால் தளம் உடையாது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். நம்மூரில் செங்கல் அடுக்கிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் 1984-ஐ விட்டுவிட்டு 2007-இலிருந்து தொடங்குகிறார்கள்.

லண்டன் தூரம் என்றால் பம்பாய்க்கு வருவோம். ரும்மானா ஹுசேன் 1992 டிசம்பர் 6 வரைக்கும் ஓவியர். பாபர் மசூதி இடிக்கப்பட்டு, நகரம் கலவரத்தில் எரிந்து, தன் பெயரே தனக்கு ஆபத்தாகிவிட்ட பிறகு அவரால் கான்வாஸில் தொடர முடியவில்லை. 1995-இல் மும்பையில் தேசிய நிகழ்கலை மையத்தின் வளாகத்தில் 'விளிம்புகளில் வாழ்தல்' என்ற நிகழ்வைச் செய்தார். காலில் சலங்கை. கையில் இரண்டாக வெட்டிய பப்பாளி. வாய் அகலத் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. தரையில் நீலமும் காவியும் சிந்திக் கிடக்கின்றன.

தமிழ் வாசகர் இந்த இரண்டு பொடிகளின் மேல் சற்று நிற்க வேண்டும். காவி என்பது கெரு, அதாவது காவிக்கல் பொடி. நம் கோவில் மதிலில் சுண்ணாம்போடு மாற்றி மாற்றிப் பட்டை அடிக்கிறோமே, அது. நீலம் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலப்பது, சுவர் பளிச்சென்று இருக்க. இரண்டும் சுவரின் மேல்தோல். இடிக்கப்பட்டது ஒரு கட்டடம். அந்தக் கட்டடத்துக்கு அவர் கல்லையும் செங்கல்லையும் கொண்டுவந்து கொட்டவில்லை. தோலை மட்டும் உரித்துத் தரையில் போட்டுவிட்டு, அதன் நடுவே வாயைத் திறந்து மௌனமாக நடக்கிறார். குரல் எங்கே என்று கேட்பவருக்கு அந்தத் திறந்த வாய்தான் பதில். இங்கே 'இது நம் மரபில் உண்டு' என்று எந்த அன்பராவது எழுந்து சொல்லட்டும் பார்க்கலாம். இடித்தவர்களும் மரபின் பெயரால்தான் இடித்தார்கள். 1999-இல் அவர் இறந்தார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது மிக மிகச் சொற்பம். சொல்லைத் தவிர வேறெதையும் கலை என்று பார்க்கப் பழகாத நம் சிறுபத்திரிகைப் புலமையின் லட்சணம் இது. கவிதைத் தொகுப்பின் அட்டைக்கு மட்டும் நமக்கு ஓவியர் வேண்டும்.

வீடியோ பற்றி. வூல்ஃப் ஃபோஸ்டெல் 1963-இல் அமெரிக்காவில் ஒரு பண்ணை நிலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியை முள்கம்பி சுற்றி மண்ணில் புதைத்தார். பின்னால் 1969-இல் கொலோனில் ஒரு மோட்டார் காரையே கான்கிரீட்டுக்குள் அடைத்தார். திரையின் மேல் அந்தக் கோபம் நமக்கு வாய்க்கவில்லை. நளினி மலானியும் அனுராதா கபூரும் 1997-இல் மும்பையில் பிரெக்டின் கதை ஒன்றை 'த ஜாப்' என்று வீடியோவும் நிர்மாணமுமாக அரங்கேற்றினார்கள். செத்துப்போன கணவனின் வேஷம் போட்டு அவன் வேலைக்குப் போகிற பெண்ணின் கதை. அங்கே திரைக்கு ஒரு நியாயம் இருந்தது, வேறொருவர் உடம்புக்குள் வாழ்கிறவளுக்குத் தன் பிம்பம் அந்நியமாகத்தான் தெரியும்.

ஆனால் இன்று? அரசியல் மாநாடு, கல்யாண மண்டபம், கோவில் விழா எங்கும் எல்.இ.டி. திரை. மேடையில் நிற்கிறவரைப் பார்க்க முடிகிற தூரத்திலும் ஜனங்கள் திரையைத்தான் பார்க்கிறார்கள். கூத்து ராமுழுக்க யூடியூபில் ஓடுகிறது. வளைகுடாவில் வேலைக்குப் போனவர்கள் ஊர்ப் படுகளத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு ஷிஃப்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அந்தத் திரை அவசியம். கலைஞரின் பின்னால் தொங்கும் திரை யாருக்கு அவசியம்? அலை அடிக்கிறது, ரயில் போகிறது, ஒரு கண் இமைக்கிறது. எடுத்துவிட்டால் எதுவும் குறையாது என்றால் அது பந்தலில் கட்டிய சீரியல் விளக்குத்தானே.

எல்லாப் பொருளையும் கொண்டுவந்து குவித்துத்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. யாழ்ப்பாணத்து தாமோதரம்பிள்ளை சனாதனனின் 'முடிவுறாத தோம்பு' 2011-இல் வந்தது. நிகழ்வு அல்ல, புத்தகம்தான். யுத்தத்தில் வீடிழந்தவர்கள் தங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து கோடு போட்டுக் காட்டுகிறார்கள், கூடவே அது கட்டடக்காரரின் வரைபடமாகவும் சித்திரமாகவும் மறுபடி வருகிறது. ஒரு செங்கல் கிடையாது. சுவர் எங்கிருந்தது என்று விரல் தயங்குகிற இடம் தெரிகிறது. அது போதும்.

கடைசியாகச் செங்கல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் இது செங்கல் மாவட்டம். திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் செங்கல் அறுப்பவர்களில் பெரும்பகுதி ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு முன்பணத்துக்கு வந்தவர்கள், அவர்களுக்கு முன்னாலிருந்தே இருளர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு, முன்பணம் கழியும்வரை வெளியே போக முடியாது. கொத்தடிமைகளாக இருந்தவர்களை அதிகாரிகள் வந்து மீட்டார்கள் என்ற செய்தி 2011 முதல் எத்தனையோ முறை வந்துவிட்டது. சென்னையில் ஒரு கலைக் கூடத்தில் அடுக்கிய கல்லும் அந்தக் களத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். நிகழ்ச்சித் தாளில் ஒளி அமைத்தவர் பெயர் உண்டு, ஒலி அமைத்தவர் பெயர் உண்டு, தூதரகத்துக்கு நன்றி உண்டு. கலவை போட்டுக்கொடுத்த கொத்தனார் பெயரை ஒருமுறையாவது யாராவது பார்த்ததுண்டா? நிகழ்வு முடிந்தபின் இடிபாட்டை அள்ளிக்கொண்டு போக மினி லாரி வருகிறது. படுகளத்து மண்ணை ஊரார் எடுத்துப் போனதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வம்சாவளி எழுதுகிறவர்கள் விளக்கட்டும்.

திருத்தணியிலும் ஒன்று நடத்தலாமே, 365 படிகளும் இருக்கின்றன என்று யோசனை சொல்லப்படுகிறது. படிகள் வேண்டாம். அங்கே ஏற்கெனவே பாடிக்கொண்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், இடமில்லை. சூளைக் களம் காலியாகத்தான் கிடக்கும், ஆனி ஆடியில், மழைக்கு முன் கடைசிச் சூளை அணைந்தபிறகு. கல் அறுத்தவர்கள் அதற்குள் ரயிலேறிப் போயிருப்பார்கள். அவர்கள் இருக்கிற தை மாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் சூளைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். நம் நிகழ்த்துக் கலைஞர்களில் யார் போய்க் கேட்கிறார்கள் என்று பார்க்கிறேன்.